ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

காரியம் முடிந்து நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் செய்யலாம் என்றுதான் எடுத்தேன். மில்லில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றே போன காது உங்களுடையது. நான் பேசினால் பாதிகூட விழாது. கத்திப் பேசவும் எனக்கு வராது. உங்கள் தம்பி இருந்தவரை அந்த வேலையை அவர் பார்த்துக்கொண்டார்.

சலவைக் கடையைத் திறந்துவிட்டேன். விடுதிக்காரர் படுக்கை விரிப்புகளை மூட்டையாகக் கட்டி அனுப்பினார். மூலை வீட்டு டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மொட்டை மாடிக்கு மட்டும் நான் போவதில்லை. அன்றைக்கு உங்கள் தம்பி “மழை வருது” என்று மாடிக்கு ஓடியபோது நான் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலை நிமிரக்கூட இல்லை. நிமிர்ந்தபோது தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அந்த இரும்புப் படியில் கால் வைக்க இன்னும் மனம் வரவில்லை. கடைக்குள்ளேயே கயிறு கட்டி, மின்விசிறிக் காற்றில் காயப்போடுகிறேன். துணி காய்கிறது. ஆனால் வெயில் வாசனை இல்லை.

பேருந்து நிலையத்தில் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. “இத்தனை வருஷம் கொழம்புக்கு உப்பு எவ்வளவுன்னுகூட அவன்தான் உனக்குச் சொன்னான். இனிமே கடவுள்கிட்ட கேளு. சின்ன விஷயம்னு வெக்கப்படாதே. அவருக்குக் காது நல்லா கேக்கும், என்னை மாதிரி இல்ல.” அப்படியே செய்கிறேன், அக்கா. எந்த மூட்டையை முதலில் பிரிப்பது என்று கேட்கிறேன். குடை எடுக்கவா வேண்டாமா என்று கேட்கிறேன். பதில் வருகிறது. கேட்டு வாய் மூடுவதற்குள் வந்துவிடுகிறது.

ஒன்று சொன்னால் திட்டுவீர்கள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பதில் சொல்லும் குரல் உங்கள் தம்பியுடையது. என் நினைப்புதான் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் பேச்சு முடியும்போது “ஆகட்டும், ஆகட்டும்” என்று ஒரு விரட்டு வருமே, அதுவும் வருகிறது. இஸ்திரி மேசைக்கு எதிரே, அவர் எப்போதும் நிற்கும் இடத்திலிருந்து வருகிறது. எனக்குப் பயமே வரவில்லை, அக்கா. அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்தால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி மனைவி


மார்ச் 10

அடி பூனை,

கல்யாணமாகி நீ வந்த புதிதில், நீ நடக்கிற சத்தமே கேட்கவில்லை என்று நான் வைத்த பெயர். அப்போது என் காது நன்றாகத்தான் இருந்தது. ஆகவே பழி உன் மேல்தான்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். கடவுளுக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை? தூது அனுப்ப என் தம்பிதான் அகப்பட்டானா? மாசம் நிறையும்வரைகூடப் பொறுக்காமல் பிறந்தவன் அவன். எங்கே போனாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறான் என்று அம்மா அவனுக்கு ‘வெந்நீர்’ என்றே பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் மழை பிடித்தால் அது விடும்வரை நிற்க மாட்டான். “அக்கா, குடை எங்க? அக்கா, குடை எங்க?” என்று என் பாவாடையைப் பிடித்து இழுப்பான். “மழை விடட்டும்டா, பொறு” என்பேன். திரும்பிப் பார்த்தால் ஆள் தெருவில் நனைந்துகொண்டு போவான். கடைசிவரை அவன் என் பேச்சைக் கேட்டதே இல்லை.

உனக்குத் துக்கம். துக்கத்தில் காது எதையும் கேட்கும். சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுக்கிறாயா? பக்கத்து மருந்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசு. அவள் வாயைத் திறந்தால் செத்தவர்களுக்குப் பேச இடம் கிடைக்காது.

இன்னொன்று. என் காது போன பிறகு அவன் என்னிடம் கத்தித்தான் பேசினான். அவனுடைய நிஜக் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. உனக்கு அது தினமும் கேட்கிறது என்கிறாய். கேட்கட்டும். கூடப் பிறந்தவளை விடக் கட்டியவள்தானே பெரிசு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

தைலம் இருக்கிறது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சிரித்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மருந்துக் கடைக்காரம்மாவிடம் சொன்னால் மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நான் ரொட்டிதான் சாப்பிடுகிறேன். அது சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள்.

ஒரு தவறு நடந்துவிட்டது. டாக்டரம்மாவின் கோட்டில் முன்கைப் பக்கம் ரத்தக் கறை இருந்தது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். சுடுதண்ணீர் பட்டால் கறை நூலுக்குள் வெந்து உட்கார்ந்துவிடும். பிறகு என்ன செய்தாலும் போகாது. எனக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனாலும் பழக்கமாகிவிட்டதால், சின்னதோ பெரியதோ கேட்டுவிட்டுச் செய்வோம் என்று கேட்டேன். “சுடுதண்ணி ஊத்து, சட்டுனு போயிடும். ஆகட்டும், ஆகட்டும்” என்று வந்தது. கடவுள் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று ஊற்றினேன். கண் முன்னால் கறை பழுப்பேறி நின்றுவிட்டது.

டாக்டரம்மா கோட்டை விரித்துப் பார்த்துவிட்டு, “பரவால்லம்மா, உள்ள போட்டுக்கற கோட்டுதானே” என்றார். டாக்டர் கோட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. அவர் போன பிறகு அழுதேன்.

அன்றைக்கே விடுதித் துணியில் ஈர வாடை அடிக்கிறது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கே காயப்போடுவது என்று கடவுளிடம் கேட்டேன். “மேல போடு. மாடி எதுக்கு இருக்கு?” என்றார். போனேன், அக்கா. படியில் கால் வைத்ததும் கூடவே ஒருவர் ஏறுவது போல இருந்தது. மாடியில் நல்ல வெயில். விரிப்புகளைக் கயிற்றில் போடும்போது பழையபடி ஆளுக்கு ஒரு முனை பிடிக்கிறோம் என்றே தோன்றியது. கைப்பிடிச் சுவரில் அவர் விழுந்தபோது உடைந்த இடத்தை இன்னும் நான் கட்டவில்லை. கடைசி விரிப்பை எடுத்தபோது அந்தப் பக்கத்திலிருந்து, “இன்னும் கொஞ்சம் தள்ளி வா. இங்கதான் நல்ல வெயில்” என்றார். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அந்த நேரம் கீழே யாரோ கடை மணியை அடித்தார்கள். “வந்துட்டேன்” என்று இறங்கிவிட்டேன். வந்தவர் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும் என்றார்.

நாளைக்கும் வெயில் அடிக்கும் போலத் தெரிகிறது.

தம்பி மனைவி


மார்ச் 23

பூனை,

மாடிக்குப் போகாதே. போகாதே. இதைப் படித்து முடித்ததும் படிக் கதவுக்கு ஒரு பூட்டுப் போடு. என் இடுப்பு ஒத்துழைத்தால் இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து நின்றிருப்பேன். எழுந்து நின்று பார்த்தேன், முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சிரித்ததற்கு என்னை மன்னித்துவிடு. இப்போது சிரிப்பு வரவில்லை.

நீ ஒன்றை எழுதாமல் மறைத்துவிட்டாய். எல்லாக் கறைக்கும் சுடுதண்ணீர் ஊற்றுகிற ஆள் யார் என்று உனக்குத் தெரியாதா? என் மில் சட்டையில் விரல் வெட்டிய ரத்தம் பட்டிருந்தபோது, “நான் எடுத்துத் தரேன்க்கா” என்று வாங்கிப் போய்ப் பாழாக்கிக் கொடுத்தவன் அவன்தானே. நீதான் அப்போது சண்டை போட்டாய். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் என்று தெரியாதா, பூனை? என் தம்பிக்குத்தான் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் தெரியாது, போன பிறகும் அவன் கற்றுக்கொள்ளவில்லை.

தப்பு என் பக்கமும் இருக்கிறது. கேள் என்று சொன்னேன். கேட்ட பிறகு காத்திரு என்று சொல்வதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. இப்போது சொல்கிறேன். கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்தால் அதைத் தொடாதே. பக்கத்தில் யார் நின்றாலும் அந்தப் பதிலைச் சொல்லிவிட முடியும். கேட்டதைக் கேட்ட இடத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார். கறைத் துணியை ஊறப்போட்டுவிட்டு வாளி முன்னாலேயே உட்கார்ந்திருப்பாயா? ஊறட்டும் என்று விட்டுவிட்டுத்தானே போகிறாய். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க மாட்டாயா?

பதில் வராமலே போகலாம். அப்போது உனக்குத் தெரிந்ததைச் செய். உனக்கு நிறையத் தெரியும். தெரியாததை அவர் பார்த்துக்கொள்வார். என்னிடம் அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என் காது காரணம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் காது போனபோதும், வேலை போனபோதும், இந்த வருடம் தம்பி போனபோதும், அடுத்த வேளை எப்படியோ எழுந்து நிற்க வைத்தார். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பூட்டுப் போட்டாயா என்று உடனே எழுது.

அக்கா

அவன் என்னை விசாரித்தானா? சும்மா கேட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே எழுதச் சொன்னீர்கள், எழுதவில்லை. பூட்டுப் போட்ட அன்றைக்கு எழுதியிருக்கலாம். ஆனால் சாவியை என் இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்தேன். அதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டேன்.

நீங்கள் சொன்னபடி காத்திருந்து பார்த்தேன். முதல் நாள் மதியம் என்ன சமைப்பது என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அரிசியா கோதுமையா என்று பதில் வருவதற்குள் பசி வந்துவிட்டது. கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இதைப் படித்து நீங்கள் சிரிக்கலாம், கோபப்பட மாட்டேன்.

அவருக்குத்தான் கோபம் வந்தது. கேட்ட கேள்விக்கு அவர் சட்டென்று பதில் சொல்வார். நான் பேசாமல் பொத்தானைத் தைத்துக்கொண்டிருப்பேன். “கேக்குதா இல்லையா? எங்க அக்காவாட்டம் செவிடாயிட்டியா?” என்று ஒருமுறை கத்தினார். நான் தையலை விடமாட்டேன். நாளாக நாளாகக் குரல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. மேசைக்கு எதிரே இருந்தது வாசலுக்குப் போயிற்று. பிறகு படிக்கட்டுக்குப் போயிற்று.

உங்களிடம் மறைத்தது ரத்தக் கறை மட்டும் இல்லை, அக்கா. அது கடவுள் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். காத்திருந்தால் அவர் போய்விடுவார் என்றும் தெரியும். அதனால்தான் காத்திருக்காமல் கேட்டுக் கேட்டு, உடனே உடனே வாங்கிக்கொண்டேன். தப்பான பதிலாக இருந்தாலும் அவர் குரல் இல்லையா? வெறும் வீட்டில் யாராவது “குடை எடுத்துக்கோ” என்று சொல்வது எனக்கு வேண்டியிருந்தது.

சென்ற வாரம் விடுதிக்காரர் எல்லா அறைகளின் விரிப்புகளையும் ஒன்றாக அனுப்பிவிட்டார். உள்ளே காயப்போட இடமே இல்லை. பட்டப்பகல், மாடி முழுக்க வெயில். என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, விரிப்புகளை அலசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்யச் சொல்லியிருந்தீர்களே. மருந்துக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, அவரை உடைந்த சுவர்ப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, பூட்டைத் திறந்து காயப்போட்டேன். அவர் பேசிய பேச்சில் உங்கள் தம்பி வாயே திறக்கவில்லை.

பிற்பகலில் அந்த அம்மா தன் கடைக்குப் போய்விட்டார். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கடைக்குள் வெளிச்சம் குறைந்தது. “மழை வருது!” என்று உங்கள் தம்பியின் குரல். அன்றைக்குக் கேட்ட அதே குரல், அதே வேகம். “மழை வருது, ஓடு! மேல ஓடு! எல்லாம் நனையப்போவுது!” நான் பெட்டியை அணைத்தேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஓடினேன். முதல் படியில் கால் வைத்துவிட்டேன். படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அந்த முதல் படியில், ஈரத்தில். நான் போகட்டுமா, என்ன செய்யட்டும் என்று கடவுளிடம் கேட்டேன். கேட்டுவிட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலே அவர் கத்துகிறார். திட்டுகிறார். பிறகு கெஞ்சுகிறார். விரிப்புகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. என் உடம்பு முழுக்க எழுந்து ஓடத் துடிக்கிறது. பதில் வரவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை.

அப்படியே இருக்க இருக்க, அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை என்று தெரிந்தது. அவர் பயந்துபோயிருக்கிறார். மழை வந்துவிட்டது, துணி நனைகிறது, இத்தனையையும் விட்டுவிட்டு எப்படி இறங்குவது என்று அங்கேயே நிற்கிறார். அன்றையிலிருந்து அங்கேதான் நிற்கிறார். என் வாயில் தானாக வந்தது: “துணி நனைஞ்சா நனையட்டும்ங்க. நாளைக்குத் தொவைச்சுக்கலாம். நீங்க இறங்கி வாங்க.”

குரல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரும்புப் படியில் ஒரு காலடி. இன்னொன்று. ஒரு நாளும் படியில் நடந்து இறங்கியவர் இல்லை அவர், தெரியுமே உங்களுக்கு. அன்றைக்கு ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்து இறங்கி வந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, சற்று ஒதுங்கி வழி விட்டேன். என்னைத் தாண்டிக் கடை வழியாகத் தெருவுக்குப் போயிற்று அந்தக் காலடி.

மழை விட்ட பிறகு மேலே போய் நனைந்த விரிப்புகளைக் கொண்டுவந்தேன். இப்போதே அலசுவதா, நாளைக்கா என்று வழக்கம்போலக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. நாளைக்கு என்று நானே முடிவு செய்தேன். அடுத்த நாள் கொத்தனாரை வரச்சொல்லிச் சுவரையும் கட்டிவிட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அழுகிறேன், சாப்பிடுகிறேன், வேலை செய்கிறேன்.

கடைசியில் நீங்கள் கேட்டிருந்ததற்குப் பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். பொய் எழுத மனம் இல்லை. உங்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, அக்கா. கேட்பதற்குள் போய்விட்டாரோ என்னவோ.

அன்புடன்,
பூனை


ஏப்ரல் 17

பூனை,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. அதில் எந்த நாள் என்று நீ எழுதவில்லை, சென்ற வாரம் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். விடுதித் துணி நனைந்தது வியாழக்கிழமையா? எனக்கு வியாழக்கிழமை என்றுதான் தோன்றுகிறது. உடனே எழுது. இல்லை, உனக்கு ஒழிந்தபோது எழுது. எனக்கே நான் சொன்னது மறந்துபோகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காதுக் கருவி இரைகிறது என்று கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் எனக்குக் குழாய்த் தண்ணீர் கொட்டுவதுகூடக் கேட்காது என்பது உனக்குத் தெரியும்.

என் பின்னால், இடுப்பு உயரத்தில், யாரோ சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. “அக்கா, குடை எங்க?” என்று கேட்டது.

இவனுக்கு என் வீட்டுக்கு வழி எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். நான் இந்த வீட்டுக்கு மாறிய பிறகு அவன் வந்ததே இல்லை, எப்போதும் அவசரம். திரும்பவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். உனக்கு அவ்வளவு உபதேசம் செய்தேனே, எனக்கும் அது வேண்டியிருந்தது. ஆண்டவரே, இவனுக்கு நான் என்ன சொல்ல என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நறுக்கிய காய் கறுத்துப்போயிற்று. அவ்வளவு நேரமும் சேலை முனையை விடாமல் அவனும் நின்றான்.

பிறகு, “மழை விடட்டும்டா, பொறு” என்றேன்.

“சரிக்கா” என்றான்.

அவன் கத்தவில்லை, பூனை. மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு முழுசாகக் கேட்டது.

எங்கள் ஊரில் அன்றைக்கு மழையே இல்லை.

அக்கா